லென்ஸில் ஊதா நிறம் வந்த வழி

பூச்சு இல்லாத பழைய லென்ஸ் ஒன்றை டியூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பார்த்தால், உள்ளே வெள்ளை வெளேரென்று பல டியூப்லைட்டுகள் தெரியும். இன்றைய லென்ஸில் அவையே மங்கி, ஊதாவாகவும் பச்சையாகவும் பதுங்கிக்கிடக்கும். சூரியனுக்கு எதிரே கேமராவைத் திருப்பும்போது படத்தில் வரிசையாக விழும் ஒளிப்பொட்டுகளும், படமெங்கும் படரும் வெளிறலும் இந்தப் பிரதிபலிப்புகளின் வேலைதான். புகைப்படக்காரர்கள் இதை ஃப்ளேர் என்பார்கள்.

காற்றும் கண்ணாடியும் சந்திக்கும் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிவிடுகிறது. திரும்பிய ஒளி இன்னொரு பரப்பில் மோதி மறுபடி முன்னே வந்தால், படத்தில் ஒரு பொய்யுருவம் விழும். 6 பரப்புகள் இருந்தால் இப்படி 15 ஜோடிகள். 8 இருந்தால் 28. இந்தக் கணக்கில்தான் பிளானர் சிக்கியது. கார்ல் ஸைஸ் நிறுவனத்தில் பால் ருடால்ஃப் 1896இல் வடிவமைத்த அந்த லென்ஸில் ஆறு கண்ணாடிகள் நான்கு தொகுதிகளாக இருந்தன, 8 பரப்புகள். வடிவமைப்பு அருமையானது, ஆனால் தெறித்த ஒளி படத்தை வெளிறச் செய்தது. அவரே பங்கேற்று 1902இல் வந்த டெஸ்ஸார், 6 பரப்புகளோடு சந்தையைப் பிடித்தது. நல்ல யோசனைகள் பல, பரப்புகளை எண்ணிப் பார்த்தே கைவிடப்பட்ட காலம் அது.

விடை கறையிலிருந்து வந்தது.

நாள்பட்டு மங்கிய கண்ணாடி புதுக் கண்ணாடியைவிட அதிக ஒளியைக் கடத்துவதை 1886இல் இயற்பியலாளர் ரேலே பிரபு கண்டார். 1890களில் இங்கிலாந்தின் லென்ஸ் வடிவமைப்பாளர் டென்னிஸ் டெய்லரும் கறை படிந்த லென்ஸ்களில் இதையே கவனித்தார். துடைத்தெறிய வேண்டியதாக எல்லோரும் நினைத்த கறையை அவர் வேதிப்பொருளால் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்து, 1904இல் காப்புரிமையும் பெற்றார். விளைவு மட்டும் கண்ணாடிக்குக் கண்ணாடி மாறியது.

உக்ரைனில் பிறந்து ஜெர்மனியின் ஜெனா நகரில் ஸைஸுக்காக உழைத்த அலெக்சாண்டர் ஸ்மாகுலா, 1935இல் வெற்றிடத்தில் படலம் படியவைக்கும் முறையைக் கொண்டுவந்தார். படலத்தின் தடிமன் ஒளி அலைநீளத்தில் கால் பங்கு. மேலிருந்தும் அடியிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பச்சை ஒளிக்குப் பொருத்தமாக அளவு வைத்ததால் சிவப்பும் நீலமும் கொஞ்சம் மிஞ்சின. ஊதா நிறம் வந்தது இப்படித்தான். முதலில் இந்தப் பூச்சு முறை ராணுவ ரகசியமாகவே இருந்தது. 1938இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் கேத்தரின் பிளாட்ஜெட், ஒரு மூலக்கூறு தடிமனுள்ள 44 அடுக்குகளைக் கண்ணாடிமேல் ஏற்றி 99 சதவீதத்துக்கும் மேல் ஒளியைக் கடத்தினார். விரலால் தேய்த்தாலே போய்விடும் பூச்சு என்பதால் அது லென்ஸ்களுக்கு வரவில்லை. அதற்காகக் கேமரா வரலாறுகள் அவர் பெயரை விட்டுவிடுவது நியாயமில்லை.

1971இல் பென்டாக்ஸ் தன் டகுமார் லென்ஸ்களில் பல அடுக்குப் பூச்சைக் கொண்டுவந்தது. பரப்புக்கான இழப்பு 4 சதவீதத்திலிருந்து அரை சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அந்தத் துணிச்சலில் ஜூம் லென்ஸ்களுக்குள் கண்ணாடிகள் பெருகின. 24 பரப்புகள் என்றால் 276 ஜோடிகள். ஆகவே ஃப்ளேர் இன்னும் ஒழியவில்லை.

சூரியன் ஃப்ரேமுக்கு வெளியே இருந்தால் லென்ஸ் ஹூடோ உள்ளங்கையோ அதை மறைத்துவிடும். உள்ளேயே இருந்தால் முன்னாலுள்ள ஃபில்டரைக் கழற்றுவது நல்லது. அதற்கும் இரண்டு பரப்புகள் உண்டு. 1950இல் 'ரஷோமோன்' என்ற ஜப்பானியப் படத்துக்காக ஒளிப்பதிவாளர் கசுவோ மியாகவா கேமராவைச் சூரியனுக்கே நேராகத் திருப்பியபோது, நடுவில் காட்டு இலைகள் இருந்தன. அதேபோல ஒரு மரத்தின் ஓரத்தில் சூரியனைப் பாதி மறைத்து, கேமராவை மெல்ல அசைத்துப் பார்க்கலாம்: சூரியன் இடப்பக்கம் போனால் பொட்டுகள் படத்தின் மையத்தைத் தாண்டி வலப்பக்கம் நழுவும்.