பியூரன் ஊர்க்காரர்

அமெரிக்காவின் எட்டாவது குடியரசுத் தலைவர் மார்ட்டின் வான் பியூரன். 'வான்' என்றதும் ஏதோ பிரபு வம்சம் போலிருக்கிறது என்று தோன்றும். டச்சு மொழியில் அந்தச் சொல்லுக்கு அவ்வளவு கெத்து கிடையாது. இன்ன ஊரிலிருந்து வந்தவர் என்று காட்டும், அவ்வளவுதான்.

பியூரன் நெதர்லாந்தின் ஹெல்டர்லாந்து மாகாணத்தில் ஒரு சின்ன நகரம். குடும்பத்தின் முதல் ஆளான கொர்னேலிஸ் மாசென் 1631-இல் ஹட்சன் ஆற்றங்கரைக்குப் போனவர். கிலியன் வான் ரென்சலேர் என்ற வைர வியாபாரி ஆம்ஸ்டர்டாமில் இருந்தபடியே நடத்திய ரென்சலேர்ஸ்வைக் பெரும்பண்ணையில் அவர் குடியானவர். பியூரன்கூட அவர் சொந்த ஊர் இல்லை. பக்கத்திலிருக்கும் பியூர்மால்சன் கிராமம்தான் சொந்த ஊர். சென்னையில் யாராவது கேட்டால் கிராமத்தின் பெயரை விட்டுவிட்டுத் 'திருநெல்வேலிப் பக்கம்' என்போமே, அந்தக் கதைதான்.

அவருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருக்கவில்லை. மாசென் என்றால் மாஸின் மகன். அவர் மகன் மார்ட்டன் கொர்னேலிசென், அடுத்தவர் பீட்டர் மார்ட்டென்சே, அதற்கடுத்தவர் மார்ட்டன் பீட்டர்சே. தகப்பன் பெயர் நமக்கு முன்னெழுத்து, அவர்களுக்குப் பின்பாதி. 'மார்ட்டன்' எங்கிருந்து வந்தது? கொர்னேலிஸின் மனைவி ஒரு மார்ட்டனின் மகள். தாத்தா பெயரைப் பேரனுக்கு இடுவது டச்சுக்காரர் வழக்கம். பேரனைப் 'பெயரன்' என்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குடியரசுத் தலைவருக்கும் அவருடைய தாத்தா பெயர்தான்.

1664-இல் ஹட்சன் கரையின் டச்சுக் குடியேற்றம் ஆங்கிலேயர் கைக்குப் போனது. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயர் மெல்ல வழக்கொழிந்து, ஊர்ப்பெயர் நிலைத்தது. 'வான்' ஒட்டாகத் தொங்குவதை விட்டுப் பெயரின் தலையில் ஏறிக்கொண்டது. நெதர்லாந்தின் பெயர்ப் பட்டியலில் இவர்களைப் 'பி' எழுத்தின் கீழ் தேட வேண்டும், அமெரிக்காவில் 'வி'.

ஊர்ப்பெயர் கிடைக்காதவர்களும் உண்டு. 1636-இல் ரென்சலேர்ஸ்வைக் என்ற பெயருள்ள கப்பல் புயலில் சிக்கியிருந்தபோது ஒரு குழந்தை பிறந்தது. அதற்கு ஸ்டோர்ம், அதாவது புயல், என்றே பெயரிட்டார்கள். பிற்பாடு அவர் 'வான் டெர் ஸே' ஆனார்: கடலிலிருந்து வந்தவர். எனக்கு இந்தப் பெயர்தான் எல்லாவற்றிலும் பிடித்தது.

மார்ட்டின் 1782-இல் நியூயார்க் மாநிலத்தின் கிண்டர்ஹுக்கில் பிறந்தார். அப்பா அங்கே சத்திரமும் மதுக்கடையுமாக நடத்தியவர். வீட்டில் பேச்சு டச்சுதான். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இவர்.

பியூரனுக்கு வேறொரு வழியில் உரிமை கொண்டாடுபவர்களும் இருக்கிறார்கள். ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1551-இல் பியூரன் பிரபுவின் மகள் அன்னாவை மணந்ததிலிருந்து அந்தப் பட்டம் நெதர்லாந்து அரச குடும்பத்தில் இருக்கிறது. இன்றைய மன்னர் வில்லெம் அலெக்சாண்டர் இளவரசராக இருந்த 1986-இல், உறைந்த கால்வாய்களில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் சறுக்கிச் செல்லும் 'பதினோரு ஊர்' பந்தயத்தில் மாற்றுப்பெயரில் கலந்துகொண்டார். அவர் கொடுத்த பெயர் 'டபிள்யூ. ஏ. வான் பியூரன்'. குடியானவரின் வழிவந்தவரை அந்தப் பெயர் பிரபுவாகக் காட்டியது. இளவரசரை அதே பெயர் சாதாரண ஆளாக்கி ஒளித்தது.

மார்ட்டினின் பெயரைச் சூட்டி ஆர்க்கன்சாஸில் ஒரு நகரமே இருக்கிறது: வான் பியூரன். 'பியூரனிலிருந்து' என்று ஓர் ஊர். அங்கிருந்து ஒருவர் ஆம்ஸ்டர்டாமுக்குப் போய்ப் பழைய டச்சு வழக்கப்படி தன் ஊரைப் பெயரில் சேர்த்துக்கொண்டால், 'வான் வான் பியூரன்' என்றுதான் ஆவார்.