பட்டறையும் சொந்தக் கையும்: மிதிவண்டிப் பழுதுபார்ப்பின் வரலாறு குறித்து

மிதிவண்டியின் வரலாறு பெரும்பாலும் அதனைக் கண்டுபிடித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. வண்டி பழுதானபோது அதைத் திறந்தவர் யார் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. கூலி கொடுத்துக் கடையில் சரிசெய்வதா, தானே சரிசெய்துகொள்வதா என்பது தனிமனிதரின் திறமையையோ சோம்பலையோ பொறுத்த சிறு விடயமாகத் தோன்றக்கூடும். எனினும் கடந்த 130 ஆண்டுகளை நோக்கினால், பொருள் செய்யப்பட்ட முறையும் உழைப்புக்கு அவ்வவ்விடத்தில் இருந்த விலையுமே இத்தெரிவைப் பெரிதும் தீர்மானித்துள்ளமை புலனாகும்.

இதற்குத் தெளிவான சான்று டயரின் கதை. திண்ம இரப்பர் பூட்டிய தொடக்ககாலச் சக்கரங்களில் காற்றுமில்லை, பஞ்சருமில்லை. 1888-இல் பெல்ஃபாஸ்ற் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜோன் பொய்ட் டன்லப் காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். ஓட்டம் மென்மையாயிற்று, வேகமும் கூடியது. ஆனால் அந்த டயர் சக்கரத்தோடு துணி சுற்றிப் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. முள் தைத்தால் அனைத்தையும் உரித்தெடுத்து, ஒட்டி, பசை உலரும்வரை காத்திருக்க வேண்டும். வழிப்போக்கர் எவரும் சாலையோரத்தில் அமர்ந்து செய்யக்கூடிய வேலை அதுவன்று.

அடுத்த ஆண்டு பிரான்சின் கிளெர்மோன்-ஃபெரான் நகரில், மிஷ்லன் சகோதரர்களின் இரப்பர்த் தொழிற்சாலைக்கு மிதிவண்டிக்காரர் ஒருவர் அத்தகைய டயர் ஒன்றைக் கொண்டுவந்தார். கழற்றி ஒட்ட 3 மணி நேரம் சென்றது. பசை உலர ஓர் இரவு சென்றது. மறுநாள் எதுவார் மிஷ்லன் அவ்வண்டியில் ஏறிச் சிறிது தூரம் ஓட்டுவதற்குள் காற்று மீண்டும் இறங்கிவிட்டது. ஓட்டம் தந்த இன்பமும் பழுது தந்த எரிச்சலும் ஒருங்கே அவரைச் சிந்திக்கச் செய்தன என்பது அந்நிறுவனம் தன்னைப் பற்றிச் சொல்லிவரும் கதை. நிறுவனங்கள் தம் பிறப்பைப் பற்றிச் சொல்லும் கதைகளில் சற்று மெருகு ஏறியிருப்பது இயல்பு. விளைவு மட்டும் ஐயத்துக்கு இடமற்றது. 1891-இல் அவர்கள் கழற்றி மாட்டக்கூடிய டயருக்கு உரிமம் பெற்றனர். அவ்வாண்டு செப்டெம்பரில் பரிஸிலிருந்து பிரெஸ்ற் சென்று திரும்பும் ஏறத்தாழ 1200 கிலோமீற்றர் ஓட்டத்தில் சார்ல் தெரோன் அந்த டயரைப் பூட்டி வென்றார். அடுத்த ஆண்டு அந்நிறுவனம் நடத்திய பந்தயமொன்றில், பஞ்சரைத் தாமே சரிசெய்ய இயலும் என்பதைக் காட்டுவதற்காகவே சாலையில் ஆணிகள் தூவப்பட்டன என்றும் சொல்லப்படுகிறது. இங்கிலாந்தில் சார்ல்ஸ் கிங்ஸ்ரன் வெல்ச் 1890-இல் வேறொரு வழி கண்டிருந்தார்: டயரின் இரு விளிம்புகளிலும் கம்பி, நடுவில் பள்ளமான ரிம். டன்லப் நிறுவனம் அவ்வுரிமத்தை வாங்கிக்கொண்டது. இன்று உலகெங்கும் ஓடும் மிதிவண்டிகளின் டயர்கள் பெரும்பாலும் வெல்ச்சின் வழிவந்தவையே.

பட்டறையின் தனியுரிமை இவ்வாறு முதன்முதலாக உடைந்தது. உடைத்தது ஓட்டுநரின் துணிச்சலன்று, ரிம்மின் வடிவம். இரண்டு நெம்புகோல், ஓர் ஒட்டு, சிறிது சொல்யூசன், ஒரு பம்ப் ஆகியன கைப்பையில் அடங்கியதும், முன்னர்க் கைவினைஞனுக்கே உரித்தான வேலை பயணியின் வேலையாயிற்று.

எல்லாப் பயணிகளுக்கும் அது ஒரே வேளையில் உரியதாகவில்லை. 1896-இல் அமெரிக்காவில் மரியா வார்ட் மகளிருக்கென எழுதிய மிதிவண்டி நூலில் கருவிகளைப் பற்றித் தனி இயல் ஒன்றே அமைத்தார். ஓட்டக் கற்பது மட்டும் போதாது, திருகாணியையும் சங்கிலியையும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அவர் நிலை. வண்டி நின்றுவிட்ட இடத்தில் ஓர் ஆண்மகன் வரும்வரை காத்திருக்க நேர்ந்தால், பெண் பெற்ற விடுதலை அடுத்த முள்வரைக்குமே நீளும் என்னும் எண்ணம் அதனுள் பொதிந்திருந்தது. அதே காலத்தில் பழுதுபார்ப்புக் கடை வேறொரு கதவையும் திறந்தது. 1892-இல் டேற்றன் நகரில் மிதிவண்டிக் கடை தொடங்கிய ரைட் சகோதரர்கள் தங்கள் வானூர்தி ஆய்வுகளுக்கான பொருளையும் கைப்பழக்கத்தையும் அங்கிருந்தே பெற்றனர்.

தமிழ் நிலத்துக்கு மிதிவண்டி இறக்குமதிப் பொருளாகவே வந்தது. 1949-இல் முருகப்பா குழுமம் பிரித்தானியாவின் ரியூப் இன்வெஸ்ற்மென்ற்ஸ் நிறுவனத்துடன் இணைந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், சென்னையை அடுத்த அம்பத்தூரில் ஹெர்குலிஸ் வண்டிகளைச் செய்யத் தலைப்பட்டது. வெளிநாட்டு வண்டியாயினும் உள்நாட்டு வண்டியாயினும் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே: கனத்த இரும்புச் சட்டம், கம்பி பிரேக், 28 அங்குலச் சக்கரம். ஓரிரு ஸ்பானர்களும் ஒரு சுத்தியலும் இருந்தால் அதன் பெரும்பகுதியைக் கழற்றிவிடலாம். அவ்வாறிருந்தும் பெரும்பாலான உடைமையாளர் அதைக் கழற்றவில்லை. வண்டியோ விலையுயர்ந்தது, பஞ்சர் ஒட்டுவோரின் கூலியோ மிகக் குறைவு. கருவிகளை வாங்கி வைத்திருப்பதைக் காட்டிலும் தெருமுனைக் கடைக்கு உருட்டிச் செல்வதே எவருக்கும் இலாபமாயிருந்தது. மேற்கில் சொந்தக் கைக்கு வழிதிறந்த அதே டயர் தமிழ்நாட்டில் தெருமுனைக் கடைக்கு வாழ்வளித்தது என்பது கருதத்தக்கது. கழற்றுதல் எளிதானமையால், மரத்தடியில் ஒரு பம்ப்பும் ஒரு தகரச் சட்டியும் கொண்டு எவரும் தொழில் தொடங்க முடிந்தது.

அக்கடையின் நடைமுறை பலரும் அறிந்ததே. டியூபுக்குக் காற்றேற்றிச் சட்டி நீரில் அமிழ்த்திக் குமிழி எழும் இடத்தைக் காண்பர். அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து, பழைய டியூபில் வெட்டிய துண்டை ஒட்டுவர். கூலி ஒட்டுக் கணக்கில். ஆகையால் குமிழிகளை எண்ணும்போது வண்டிக்காரரும் குனிந்து பார்ப்பது வழக்கம். பல கடைகள் மணிக் கணக்கில் வண்டிகளை வாடகைக்கும் விட்டன. சொந்த வண்டி இல்லாத சிறுவர் பலர் ஓட்டப் பழகியது அவ்வாடகை வண்டிகளிலேதான்.

தமிழாய்வு சற்று நின்று நோக்க வேண்டியது அக்கடையின் மொழியை. உருளை நேராக்குதல் அங்கே ‘கோட்டம் எடுத்தல்’. முழுவதும் பிரித்துத் துடைத்துப் பூட்டுதலுக்குரிய ஓவர்ஹால் என்னும் சொல் ‘ஓவராயில்’ ஆகி, எண்ணெய் இடுதல் என்னும் புதுப்பொருளையும் சேர்த்துக்கொண்டது. காற்று வெளியேறாமல் தடுக்கும் சிறு இரப்பர்க் குழல் ‘வால்டியூப்’ ஆயிற்று. ‘பால்ரஸ்’, ‘போக்ஸ் கம்பி’, ‘பிரேக் கட்டை’ என்பனவும் அவ்வாறே. இவற்றைத் திரிபு என்று ஒதுக்குவது எளிது. ஆனால் ஆங்கிலம் படித்திராத கைவினைஞர் ஓர் அயல் எந்திரத்தைத் தம் நாவுக்கும் கைக்கும் ஏற்பப் பெயரிட்டு ஆண்டதன் பதிவுகள் இவை. மேடைகளில் ஆக்கப்பட்ட ‘மிதிவண்டி’, ‘ஈருருளி’, ஈழத்து அலுவலக வழக்கான ‘துவிச்சக்கரவண்டி’ ஆகியன முழு வண்டிக்குப் பெயர் தந்தன. அதன் உள்ளுறுப்புகளுக்குப் பெயர் தந்தது பட்டறை. உடைமையாளர் தாமே திறந்து பாராததால் அச்சொற்களும் வீட்டுக்குள் முழுமையாக நுழையவில்லை.

அப்பட்டறையில் பணி பழகியோர் ஏறத்தாழ அனைவரும் ஆண்கள். 1991-இல் தொடங்கிய புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டி ஓட்டுதலையும் இணைத்தபோது பல்லாயிரம் கிராமப் பெண்கள் வண்டியேறினர். மகளிர் வண்டி கிடைக்காத இடத்து ஆண்கள் வண்டியையே ஓட்டினர். அவ்வியக்கம் பற்றிய எழுத்துகளில் பெரும்பகுதி ஓட்டுதலையே பேசுகிறது. கல்லுடைக்கும் தொழிலாளியும் செவிலியும் ஊர் கடந்து செல்லும் காட்சி அத்துணைப் புதுமையானது. வழியில் காற்றிறங்கினால் அவர்கள் நாட வேண்டியிருந்த கடை பழைய கடையே. மரியா வார்ட் நூறாண்டுக்கு முன் எழுப்பிய வினா அங்கும் பொருந்தும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலைமை வேறு வகையில் திரும்பியது. 1990 யூனில் போர் மீண்டதும் பெற்றோலும் மின்கலமும் தடைப்பட்டன, மின்சாரமும் நின்றது. நோயாளியும் விறகும் நெல்மூடையும் மிதிவண்டியிலேயே சென்றன. வண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டனர். விளக்கெரிப்பதற்கென வந்த உறுப்பு வீட்டின் மின்னாக்கியாக மாறிய அந்நாள்களில், கடைக்காரர் அறிவுக்கும் வீட்டார் அறிவுக்கும் இடையிலிருந்த எல்லை மெலிந்தது. உறுப்பை மாற்றுவதன்று, இருக்கும் உறுப்பை இன்னொரு திங்கள் ஓடச்செய்வதே பழுதுபார்த்தல் என்றாயிற்று. வறுமையில் பிறந்த இத்திறனைப் பெருமையாக மட்டும் பேசுவது அன்றைய இடரை மறப்பதாகும்.

அங்கிருந்து ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்தோர் கண்டது தலைகீழான கணக்கு. வண்டி மலிவு, கூலி உயர்வு. பழைய வண்டியொன்றின் பழுதுக் கூலி அவ்வண்டியின் விலையையே எட்டிவிடும் நாடுகளில், தானே செய்தல் அல்லது தூக்கியெறிதல் என்னும் இரண்டே வழிகள் எஞ்சுகின்றன. 1972-இல் வெளிவந்த ரிச்சர்ட் பலன்ரைனின் மிதிவண்டி நூல் முதல் வழியை ஆங்கிலம் அறிந்த ஒரு தலைமுறைக்குக் கற்பித்தது. ஆயினும் 1980-களிலிருந்து படிமுறைக் கியர்களும், மூடிய பெயாரிங்குகளும், தனித்தனிக் கருவி கேட்கும் பொருத்துகளும் பரவின. அண்மையில் வந்த மின்வண்டியின் மோட்டரோ பெரும்பாலும் திறப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. டன்லப்பின் ஒட்டிய டயர் வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது எனலாம்.

இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது இடமொன்றும் தோன்றியது. பிரான்சில் சந்தா செலுத்திக் கருவிகளைப் பயன்படுத்தித் தம் வண்டியைத் தாமே பிறர் வழிகாட்டலோடு திருத்தும் கூட்டுப் பட்டறைகள் 1990-களிலிருந்து பெருகி, 2010-இல் ஒரே வலையமைப்பாக இணைந்தன. அரசுகளும் இவ்விடயத்தில் தலையிட்டன. 2020 மே மாதம் முதல் பிரெஞ்சு அரசு பழைய மிதிவண்டி ஒன்றைத் திருத்த 50 யூரோ வழங்கியது. 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் மீண்டும் தெருவேறின. சுவீடன் 2017 ஜனவரியில் மிதிவண்டிப் பழுதுக் கூலி மீதான வரியை 25 விழுக்காட்டிலிருந்து 12 ஆகவும், 2022 யூலையில் 6 ஆகவும் குறைத்தது. 2023 ஏப்பிரலில் அவ்வரி மீண்டும் 25 விழுக்காடாயிற்று.