பஸ்ஸுக்கு யார் பணம் கட்டுவது?

1970-இல் பாரிசில் மெத்ரோ கட்டணத்தை உயர்த்தினார்கள். ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். டிக்கெட் காசை மட்டும் நம்பி மெத்ரோவும் பஸ்ஸும் ஓட முடியாது. அதற்காகக் கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனால் ஏழைத் தொழிலாளி என்ன செய்வான்? கஜானாவிலிருந்து அள்ளிக் கொடுத்தால், பாரிசையே பார்க்காத விவசாயியும் அல்லவா அதற்கு வரி கட்டுகிறான்?

இதற்கு மூன்றாவது வழி ஒன்று கண்டார்கள். பஸ்ஸில் ஏறுகிறவன் தொழிலாளி. ஆனால் அவன் காலையில் நேரத்துக்கு வந்து சேர்வதால் பலன் யாருக்கு? முதலாளிக்கும்தானே! அவரும் பங்கு போடட்டும் என்று 1971 ஜூலை 12-இல் பாரிஸ் வட்டாரத்துக்கு ஒரு சட்டம் வந்தது. ஒன்பது பேருக்கு மேல் வேலைக்கு வைத்திருப்பவர், கொடுக்கும் சம்பளத்தில் ஒரு சிறு சதவீதத்தைப் போக்குவரத்துக்கென்று கட்ட வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். பெயர் 'வெர்ஸ்மான் த்ரான்ஸ்போர்'. இதை வசூலிக்கத் தனி இலாகா வைக்கவில்லை. சமூகப் பாதுகாப்புச் சந்தாவை வசூலிக்கும் அலுவலகமே இதையும் வசூலித்து, போக்குவரத்துக்குப் பொறுப்பான அமைப்பிடம் சேர்த்துவிடும். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும்!

1973-இல் மற்றப் பெரிய நகரங்களுக்கும் இந்த உரிமை கிடைத்தது. அதன் பலனை நாந்த் நகரில் பார்க்கலாம். அங்கே 1958-இல் டிராமை மூடிவிட்டார்கள். 1975-இல் மத்திய அரசு எட்டு நகரங்களுக்கு, டிராம் பற்றி யோசியுங்கள் என்று எழுதியது. அந்தப் பட்டியலில் நாந்த் இல்லை. இருந்தும் 1977-இல் மேயரான அலேன் ஷெனார் துணிந்து இறங்கினார். கையில் வரிப்பணம் இருந்தது, அரசு மானியமும் சேர்ந்தது. எதிர்ப்பு பலமாக இருந்தது. 1983 தேர்தலில் அவர் தோற்றார். ஆனால் 1985 ஜனவரியில் டிராம் ஓடியது. அதற்குப் பிறகு கிரெனோப்ல், ஸ்த்ராஸ்பூர் என்று ஊர் ஊராகப் பரவியது.

குறையும் உண்டு. ஆள் சேர்த்தால் வரி கூடும் என்று முதலாளிகள் முணுமுணுக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்து வேலை படுத்தபோது இந்த வருமானமும் சரிந்தது. ஆனாலும் சட்டம் நிலைத்துவிட்டது, பெயர் மட்டும் மாறியிருக்கிறது. பிரான்சில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்காக அவர்கள் முதலாளி கட்டும் பங்குகளில் இதுவும் ஒன்று.

நம் ஊரில் புது பஸ் விட்டால் ரிப்பன் வெட்டுகிறோம். அடுத்த பத்து வருஷத்துக்கு டீசல், டயர், டிரைவர் சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று கேட்பதில்லை. அந்தக் கணக்கை முதலில் எழுதிவிட்டு, பிறகு பஸ்ஸை வாங்குவதுதான் முறை.