வளிமண்டலத்தின் இலேசான ஹைட்ரோகார்பன்கள்: மணலி – கும்மிடிப்பூண்டி வட்டாரம்

மீத்தேன், ஈத்தேன், எத்திலீன், புரோப்பேன், பியூட்டேன் முதலிய இலேசான ஹைட்ரோகார்பன்கள் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே சேர்ந்தவை. எளிதில் காற்றில் கலப்பவை. சதுப்பிலிருந்து எழும் எரிவாயுவை இத்தாலியின் வோல்ட்டா 1776-இல் சேகரித்து ஆராய்ந்தார். பொன்னேரிப் பக்கத்து நெல்வயல்களிலும் எண்ணூர்க் கழிமுகச் சேற்றிலும் ஊறுவது அதே மீத்தேன்தான்.

தொழில்வழி வரவு பின்னர் வந்தது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த மணலியில் 1969-இல் சென்னை சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. பெட்ரோ ரசாயன ஆலைகளும் அதைச் சூழ்ந்தன. பெட்ரோல் ஆவி தப்பும் இடங்களில் டேங்கர் லாரி நிரப்புமிடமும் ஒன்று: காலி டேங்கருக்குள் தங்கிய ஆவியை உள்ளே இறங்கும் எண்ணெய் மேலே தள்ளுகிறது; மீட்புக் குழாய் இல்லையென்றால் அது நேரே காற்றுக்குப் போகும். காமராசர் துறைமுகத்தில் 2019-இல் திரவ இயற்கை எரிவாயு முனையமும் சேர்ந்தது.

காற்றில் இவற்றைச் சிதைப்பது பெரும்பாலும் ஹைட்ராக்சில் தனி உறுப்பு. மீத்தேன் அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கும். ஈத்தேன் சில மாதங்கள், புரோப்பேன் சில வாரங்கள், எத்திலீனோ ஒன்றிரண்டு நாள். சிதைவில் பிறக்கும் பெராக்சி உறுப்புகள் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக்குகின்றன. வெயில் அதை உடைக்க, ஓசோன் உருவாகிறது. லாஸ் ஏஞ்சலிஸ் புகைமூட்டத்தில் இவ்வினையை 1950-களின் தொடக்கத்தில் வேதியியலாளர் ஹாகன்-ஸ்மிட் கண்டறிந்தார். மெக்சிகோ நகர ஓசோனில் சமையல் எரிவாயுக் கசிவுக்குப் பெரும் பங்குண்டு என்று 1995-இல் வேதியியலாளர்கள் பிளேக்கும் ரோலண்டும் காட்டினர்.

ஆகவே எவ்வளவு டன் வெளியேறியது என்பதைவிட, எந்தச் சேர்மம் வெளியேறியது என்பதே முக்கியம். வினைக்கு வேண்டிய நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு இவ்வட்டாரத்தில் பஞ்சமில்லை: அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்கள், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் உலைகள், கொல்கத்தா நெடுஞ்சாலையின் லாரிகள். பகலில் எழும் கடற்காற்று இக்கலவையைத் திருவள்ளூரின் உட்பகுதிக்குத் தள்ளும். ஓசோன் உருவாகச் சில மணி நேரம் பிடிப்பதால், அதன் உச்சம் ஆலை வாசலில் அல்லாமல் தொலைவில் அமையக்கூடும்.

2009-ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத்தர நெறிகள் ஓசோனுக்கு 8 மணி நேர வரம்பாகக் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராமும், பென்சீனுக்கு ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமும் விதித்தன. எத்திலீன், புரோப்பிலீன், பியூட்டேன் எதற்கும் அவற்றில் வரம்பு இல்லை.