12 போர் என்றால் எந்தப் 12?

கிராமப்புறத்தில் பயிர் காக்க வைத்திருக்கும் "12 போர்" துவக்கைப் பற்றிப் பேச்சு வந்தால், அந்தப் 12 என்ன கணக்கு என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்குலமும் இல்லை, மில்லிமீற்றரும் இல்லை. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை அந்தக் குழாயின் அளவு. ஏறத்தாழ 38 கிராம். (இறாத்தல் என்பது அரபு "ரத்ல்". துவக்கு துருக்கியில் இருந்து வந்த சொல். இரண்டும் கப்பலேறி வந்தவை.)

குண்டை வீட்டிலேயே வார்த்த காலத்தின் கணக்கு இது. இரும்பை அடித்துக் குழாயாக்க உலையும் கொல்லனும் வேண்டும். ஈயமோ 327 பாகையில் உருகிவிடும், குசினி அடுப்பே போதும். ஆனால் கையால் செய்த துவக்கில் ஒன்றின் வாய் மற்றதைப் போல இருக்காது. அதனால் துவக்கு வாங்குகிறவன் அதற்கேற்ற அச்சையும் சேர்த்தே வாங்கினான். பக்கத்து வீட்டுக்காரனின் குண்டு இவனுக்கு உதவாது. பெருத்தால் இறங்காது, சிறுத்தால் குறி தப்பும்.

அச்சுக்கும் ஒரு குணம் உண்டு. இடுக்கி போன்ற இரும்பு அச்சு குளிர்ந்திருந்தால் முதல் இரண்டு மூன்று குண்டுகள் சுருக்கம் விழுந்து வரும், அவற்றைத் திரும்ப உருக்க வேண்டியதுதான். பித்தளை சீக்கிரம் சூடேறும். கல்லில் குடைந்த அச்சு சூட்டை நெடுநேரம் வைத்திருக்கும், ஈரம் இருந்தால் வெடித்துவிடும். இன்னொரு வேடிக்கை: ஒரே அச்சில் சுத்த ஈயத்தை ஊற்றினால் ஒரு அளவு, வெள்ளீயம் கலந்ததை ஊற்றினால் சற்றுப் பெரியது. கலப்பு ஈயம் ஆறும்போது குறைவாகச் சுருங்கும். இதையெல்லாம் தாண்டியும் குண்டு கொஞ்சம் தளர்வாகவே இருக்கவேண்டும், மருந்துக் கரி குழாயில் படியும் அல்லவா? பிரித்தானியப் படையின் "பிரவுன் பெஸ்" துவக்கின் வாய் 0.75 அங்குலம், குண்டு 0.69 தான்.

இப்போது நம்ம பக்கம் வருவோம். ஒருகொடவத்தைச் சந்தியிலிருந்து அம்பத்தளை றோட்டில் போனால் சில கிலோமீற்றரில் வலப்பக்கம் முல்லேரியா. 1559இல் சீதாவாக்கைப் படை போர்த்துக்கீசரை முறியடித்த இடம். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நம் நாட்டுக் கொல்லர்கள் குழாய் செய்வதில் எவ்வளவு தேறிவிட்டார்கள் என்றால், கோவாவில் இருந்த ஒல்லாந்தர் லின்ஸ்கோட்டன் 1596இல் வெளியிட்ட நூலில், வெள்ளிபோல மின்னும் அந்தக் குழாய்களை வியந்து எழுதியிருக்கிறார்.

இதைப் பெருமையோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் குண்டுக்கு ஈயம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை!

இரும்பு நம் மண்ணில் உண்டு. கரி உண்டு. வெடியுப்பைக் குகை மண்ணிலிருந்து காய்ச்சி எடுத்தார்கள், வைத்தியர் ஜோன் டேவி 1821இல் வெளியான நூலில் அதை விவரிக்கிறார். இல்லாதவை இரண்டு, கந்தகமும் ஈயமும். இரண்டும் கடல்வழி வந்து, கரையிலிருந்து மலைக்கு ஏறவேண்டும். மேலே உப்பும் கருவாடும், கீழே பாக்கும் என்று பொதிமாட்டுத் தவளம் நடத்தியவர்களில் முஸ்லிம்கள் கணிசமானோர். ஈயம் மலைக்குப் போகவேண்டுமானாலும் அந்தப் பாதைகளை விட்டால் வேறு வழி கிடையாது. கண்டி மன்னர்கள் கரையோரத் துறைகளை விடாமல் பற்றிக்கொண்டு நின்றதை நம் பாடநூல்கள் கறுவா வியாபாரமாக மட்டும் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கு அதில் குண்டும் தெரிகிறது.

1766இல் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் ஒல்லாந்தரோடு செய்த உடன்படிக்கையில் கரையோரம் முழுவதும் கைநழுவியது. சிலாபம், புத்தளம் பக்கம் உப்பு எடுக்கக்கூட அதன்பின் கண்டியாருக்கு ஒல்லாந்தரின் அனுமதி வேண்டியிருந்தது. உப்புக்கே இந்த நிலை என்றால், குண்டு வார்க்கும் ஈயத்தைக் கேட்கவா வேண்டும்?