ஊமையான மடிக்கணினி

போன மாதம் ஒரு மாலை, பக்கத்துத் தெருப் பையன் ஒருவன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். பிறவியிலேயே பார்வை கிடையாது. கல்லூரியில் படிக்கிறான். அம்மா கையில் அவன் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினி. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் அருகே காக்களூரில் தொடங்கிய திட்டம் அது. கட்டிலிலிருந்து கீழே விழுந்து திரையில் பாதி கறுத்துவிட்டது.

"திரை போனா போகட்டும் தாத்தா. சத்தம் வரலை. மூணு வாரத்துல பரீட்சை" என்றான்.

கடையில் பார்த்தவர், போர்டு போய்விட்டது, புதிது வாங்குங்கள் என்று சொல்லியிருக்கிறார். வாங்குகிற வீடு இல்லை அது.

நான் ரிப்பேர்காரன் அல்ல. குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். கோப்பில் முதல் தாளிலிருந்து படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. திரையில் தெரிந்த பாதியைப் பார்த்தேன். எதுவும் செருகாதபோதே "ஹெட்போன்" என்று காட்டியது. விழுந்தபோது காதில் இயர்போன் இருந்ததா என்று கேட்டேன். இருந்ததாம். அடி வாங்கியது அந்தத் துளைதான்.

அந்தத் துளைக்கு வயது நூற்று நாற்பதுக்கு மேல். 1878இல் அமெரிக்காவில் தொலைபேசி இணைப்பகங்கள் வந்தன. பலகை முன் உட்கார்ந்து கம்பியைச் செருகி ஆளுக்கு ஆள் இணைப்புக் கொடுப்பார்கள். சார்லஸ் ஸ்க்ரிப்னர் என்ற பொறியாளர் அதற்குச் செய்த சாதனம் மடக்குக்கத்தி போல இருந்ததால் "ஜாக்" என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1882க்குள் சென்னையிலும் இணைப்பகம் வந்துவிட்டது. நான் படித்த புதுச்சேரிப் பிரெஞ்சுப் பள்ளியில் அந்தப் பலகைக்காரரை "ஸ்தாந்தார்திஸ்த்" என்போம். இன்று அந்த வேலையும் இல்லை, அந்தச் சொல்லைக் கேட்டும் வெகுகாலமாயிற்று.

பழைய ஜாக்கின் உள்ளே ஒரு சூட்சுமம். முனை உள்ளே போனதும் ஒரு தகடு விலகி வேறொரு இணைப்பைத் துண்டிக்கும். பிற்பாடு டிரான்சிஸ்டர் ரேடியோவுக்கு ஜாக் சிறியதானபோதும் அந்தத் தகடு கூடவே வந்தது. காதில் மாட்டினால் ஸ்பீக்கர் அடங்குவது அதனால்தான். மடிக்கணினியில் தகடு நேராகத் துண்டிப்பதில்லை, "செருகியாயிற்று" என்று கணினிக்குத் தகவல் கொடுக்கிறது. இங்கே வளைந்த தகடு பொய்த் தகவல் கொடுத்துக்கொண்டிருந்தது. போதாததற்கு நெம்மேலி உப்புக்காற்று. இந்தக் கடல்நீரைக் குடிநீராக்க அரசு ஆலையே கட்டியிருக்கிறது. நம் வீட்டுக் கம்பிகளுக்கு யார் கட்டுவது?

கணினியை அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துளையைத் துடைத்தேன். ஸ்பீக்கர் பேசியது. இரண்டே நாளில் மறுபடி ஊமை. சாலிடர் பிடிக்க எனக்குக் கை நடுங்குகிறது. யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு ஒலி அட்டை ஒன்று சில நூறு ரூபாய்க்கு வாங்கினேன். யூ.எஸ்.பி. வழியே ஒலி போவதற்கு 1990களிலேயே பொது விதி வகுத்துவிட்டார்கள். தனி மென்பொருள் எதுவும் கேட்காமல் வேலை செய்தது. அடிபட்ட ஜாக் அப்படியே கிடக்கிறது, அதன் வழியே போகத் தேவையில்லை.

திரையைப் படித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. அவனிடம் முன்பே இருந்தது. 2006இல் பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் மைக்கேல் கரன் தொடங்கியது. ஜேம்ஸ் டே என்ற இன்னொருவரும் சேர்ந்துகொண்டார், அவருக்கும் பார்வை கிடையாது. அதற்கு முன் இத்தகைய மென்பொருளுக்குக் கணினி விலையே ஆகும். இது இலவசம். தமிழும் பேசும், ரோபோ குரலில்.

பையன் அதை ஓடவிட்ட வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. "இதுவே மெதுவாத்தான் தாத்தா வெச்சிருக்கேன்" என்றான். பிறகு குரலைப் பிரெஞ்சுக்கு மாற்றி, ஏதாவது தட்டச்சு செய்யச் சொன்னான். "போன்ழூர், மெஸ்யூ" என்று அடித்தேன். கணினி அதை என் பழைய வாத்தியாரைவிட விறைப்பாக வாசித்தது. அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.