மட்டக்குதிரைப் பாதுகாப்பும் குதிரைவழிச் சிகிச்சையும்: நெடுந்தீவை முன்வைத்து வட சிலாங்கூருக்குச் சில கேள்விகள்

அருகிவரும் மட்டக்குதிரை இனத்தைக் குதிரைவழிச் சிகிச்சையில் ஈடுபடுத்திக் காப்பாற்றிவிடலாம் என்ற யோசனை பல நாடுகளில் செல்வாக்குப் பெற்றிருக்கிறது. மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கும் பயன், மறைந்துவரும் விலங்குக்கும் வாழ்வு; ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அந்த மாங்காய்கள் இரண்டும் ஒரே கிளையில் தொங்கவில்லை என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

சிகிச்சையின் பக்கத்தை முதலில் பார்ப்போம். நடக்கும் குதிரையின் முதுகு மேலும் கீழும், பக்கவாட்டிலும், முன்னும் பின்னும் அசைகிறது. மேலே அமர்ந்திருப்பவரின் இடுப்புக்கு அது மனித நடையின் அசைவை ஒத்ததாகவே வந்து சேர்கிறது. தானாக நடக்க முடியாத மூளை முடக்குவாதக் குழந்தைக்கு, நடையில் இடுப்பும் முதுகும் எப்படி ஈடுகொடுக்கும் என்ற பழக்கம் இப்படிக் கிடைக்கிறது. உடலியக்கச் சிகிச்சையாளர்கள் ஹிப்போதெரபி என்று சொல்வது இதைத்தான். உட்காரும் நிலையும் சமநிலையும் மேம்படுகின்றன என்பதற்கு ஓரளவு ஆய்வுச் சான்று உண்டு. மனநலப் பயன்களுக்குக் காட்டப்படும் சான்று அதைவிட மெலிந்தது. ஆர்வலர்கள் இரண்டையும் ஒரே உறுதியோடு பேசுவது எனக்கு உடன்பாடில்லை. இத்துறைக்கு உலகப் பார்வையைத் திருப்பியவர் டென்மார்க்கின் லிஸ் ஹார்ட்டல். 1944இல் இளம்பிள்ளைவாதத்தால் முழங்காலுக்குக் கீழே செயலிழந்த அவர், பிறர் துணையோடு குதிரையில் ஏறி 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் வெள்ளிப் பதக்கம் வென்றார்.

ஆனால் ஓர் அமர்வுக்கு என்ன தேவைப்படுகிறது என்பதைப் பலர் கணக்கிடுவதில்லை. கயிற்றைப் பிடித்துக் குதிரையை நடத்த ஒருவர், குழந்தையின் இருபுறமும் தாங்கி நடக்க இருவர், கூடவே சிகிச்சையாளர்: ஒரு குழந்தைக்கு நான்கு பெரியவர்கள். குதிரை திடீர் ஓசைக்கு மிரளக் கூடாது, அதன் நடை சீராக இருக்க வேண்டும். சுமை உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலான விதி. 200 கிலோ மட்டக்குதிரை என்றால் சேணத்தோடு சேர்த்து 40 கிலோ. அதாவது சிறு பிள்ளைகள் மட்டுமே ஏறலாம்.

தமிழர் வாழும் நிலத்தில் இந்த விவாதத்துக்கு மிகப் பொருத்தமான களம் இலங்கையின் வடக்கே உள்ள நெடுந்தீவு. குறிகட்டுவான் துறையிலிருந்து படகில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பரப்பு சுமார் 50 சதுர கிலோமீட்டர். பவளக்கற்களை அடுக்கிய வேலிகளும் பனைகளும், தெற்கே விரிந்த புல்வெளியும் கொண்ட தீவு. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இங்கே குதிரை வளர்த்தனர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நோலன் என்ற பிரித்தானிய அதிகாரி அதைத் தொடர்ந்தார். குதிரை லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஆட்சியாளர் போனபின் விடப்பட்ட குதிரைகளின் சந்ததியே இப்போது மேய்பவை. கோடையில் கிணறுகள் வற்றி, எஞ்சும் நீரும் உவர்த்துப்போகும். கடும் வறட்சியில் குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகள் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வந்தது நல்லதுதான். ஆனால் முழுமையான காட்டு விலங்காகவும் இல்லாமல், உடையவருள்ள கால்நடையாகவும் இல்லாமல் நிற்கும் ஒன்றுக்குத் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது யார் பொறுப்பு என்பதை அது தீர்த்துவைப்பதில்லை.

இங்கே சிகிச்சை மையம் ஒன்று வந்தால் இனம் காப்பாற்றப்படுமா? நேரடியாக ஆகாது என்றே கருதுகிறேன். சிகிச்சைக்கு ஏற்றவை பெரும்பாலும் காயடித்த ஆண் குதிரைகளும் ஈற்று நின்ற பெட்டைகளும். பொலிகுதிரையின் முதுகில் முடக்குவாதக் குழந்தையை ஏற்ற எந்தச் சிகிச்சையாளரும் துணியமாட்டார். குட்டியோடு நிற்கும் பெட்டையும் அப்படியே. ஆக, சிகிச்சையில் சிறந்து விளங்கும் விலங்கு இனப்பெருக்கத்தில் பங்கு பெறாத விலங்கு.

வேலை இருந்தால் இனம் பிழைக்கும் என்ற பொதுவிதியும் முழுமையானதன்று. மணிப்பூரி மட்டக்குதிரைக்குப் போலோ என்ற பெருமைமிக்க வேலை இருந்தது. ஆனாலும் கால்நடைக் கணக்கெடுப்பில் 2003இல் 1,898 ஆக இருந்த எண்ணிக்கை 2012இல் 1,101 ஆகக் குறைந்தது. மேய்ந்த சதுப்பு நிலங்கள் சுருங்கியது முக்கியக் காரணம். மாறாக, கனடாவின் லாக் லா குரோய் குடியிருப்பில் எஞ்சிய ஒஜிப்வே மட்டக்குதிரைகள் நான்கே பெட்டைகள். 1977இல் அவற்றை எல்லை தாண்டி மினசோட்டாவுக்குக் கொண்டுபோய், வேற்றினப் பொலிகுதிரையோடு சேர்த்துத்தான் வழியைத் தொடர்ந்தார்கள். இன்று அக்குதிரைகள் பழங்குடி இளைஞர்களின் நலப்பணிகளில் ஈடுபடுகின்றன. அங்கே முதலில் நடந்தது இனப்பெருக்கம். நலப்பணி பின்னால் வந்தது. இந்த வரிசை முக்கியம்.

நெடுந்தீவில் இதை எப்படி நடத்தலாம்? காட்டுநிலையில் மேயும் கூட்டத்தில் பெட்டைகளைச் சேர்த்துக்கொள்ளும் பொலிகுதிரைகள் சில. இளம் ஆண்கள் பல தனியே திரியும். பிடரிமயிரின் வேரை எடுத்து மரபணுச் சோதனை செய்து, எந்த வழி ஏற்கெனவே போதிய குட்டிகளில் தொடர்கிறது என்று பதிந்துகொண்டால், அவ்வழியின் மிகை ஆண்களைக் காயடித்துப் பழக்கலாம். நான்கு வயதுவரை சுமை ஏற்றக் கூடாது. மிகை ஆண்கள் கூட்டத்திலிருந்து விலகுவதால் வறட்சிக்காலத்தில் தண்ணீருக்கான போட்டியும் ஓரளவு தணியும். பதிவேடு இல்லாமல், பார்க்கச் சாதுவாக நிற்பதைப் பிடித்துக் காயடிப்பது மட்டும் வேண்டாம். அபூர்வமான வழி ஒன்று அதோடு முடிந்துபோகலாம். இலங்கையில் பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் பீடம் இப்பதிவேட்டைப் பேணத் தகுந்த இடம். சிகிச்சை மையம் இதற்குத் தருவது பணமும் ஆளும்: வைத்தியர் செலவு, தண்ணீர்ச் செலவு, குதிரையைக் கையாளத் தெரிந்த நான்கு உள்ளூர் இளைஞர்கள்.

இனி மலேசியாவின் வட சிலாங்கூருக்கு வருவோம். யாழ்ப்பாணத்துக் கிராணிமார் கணக்கெழுதிய தோட்டங்கள் நிறைந்த பகுதி இது. துரைமார் மட்டக்குதிரையில் தோட்டம் சுற்றியதும், தமிழர் அவற்றைத் தேய்த்துக் குளிப்பாட்டியதும் பழங்கதை. இன்று பெஸ்தாரி ஜெயா (பழைய பத்தாங் பெர்ஜுந்தை), ஈஜோக் பக்கம் தோட்டத்துத் தமிழர் கண்ணில் அடிக்கடி படும் குதிரை முனீஸ்வரர் கோயிலின் சுதைக் குதிரைதான். ஆனால் சிகிச்சை தேவைப்படும் குழந்தைகள் இருக்கிறார்கள். 1984இல் திரங்கானுவில் தொடங்கிப் பரவிய பி.டி.கே. என்னும் சமூக மறுவாழ்வு மையங்கள்தான் இவர்களுக்குக் கிட்டத்தில் இருக்கும் வாசல்.

நெடுந்தீவுக் குதிரையை இங்கே கொண்டுவரலாமே என்ற ஆர்வம் எழக்கூடும். அதை வன்மையாக மறுக்கிறேன். சுண்ணாம்புப் பாறையின் வறள்நிலத்தில் தேய்ந்து இறுகிய குளம்பு, கோலசிலாங்கூரின் ஈரக் களிமண்ணில் எளிதில் அழுகும். மாட்டு ஈக்கள் பரப்பும் சுர்ரா நோய் மலேசியாவில் உண்டு; நோய்க்குறி காட்டாத மாடுகளிடமிருந்தே அது குதிரைக்குத் தொற்றலாம். செம்பனைக்கு இடையே மாடு மேயும் தோட்டத்தில் இது சிறு அபாயமன்று. மலேசியாவுக்கென்றே சபாவின் கோத்தா பெலுட்டில் பஜாவ் மக்களின் மட்டக்குதிரை இருக்கிறது. அதையும் அது பழகிய நிலத்தில், அதை வளர்ப்பவர்களிடமே விட்டுவைப்பது நல்லது.

சிகிச்சைக்கு அபூர்வ இனம் தேவையே இல்லை. நிதானமான எந்தக் குதிரையும் போதும். குழந்தையின் இடுப்புக்கு வம்சாவளி தெரியாது. குதிரையேற்ற மன்றங்களில் வயதாகி ஓய்ந்த, சாந்தமான குதிரைகளை நாடலாம். செர்டாங்கில் உள்ள புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவப் புலத்தின் ஆலோசனையும் எட்டும் தூரம்தான். தோட்டத்தில் மாடு மேய்த்துப் பழகிய இளைஞர்களுக்கு விலங்கின் காதையும் வாலையும் பார்த்தே அதன் மனநிலையை அறியும் திறன் ஏற்கெனவே உண்டு. குதிரை நடத்துநர் பயிற்சியை அவர்களிடமிருந்து தொடங்கலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உடலியக்கச் சிகிச்சையாளர் தவறாமல் வரும் மையம் ஒன்று வேண்டும். அவர் வராத வாரங்களில் நடப்பது குதிரைச் சவாரி மட்டுமே; அதற்குச் சிகிச்சை என்று பெயரிட்டுப் பெற்றோரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.